வகுப்பறையில் தோற்றவர்

1820. பெர்லின் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த 32 வயது ஆசிரியர் ஆர்தர் ஷோப்பன்ஹவர், புகழ்பெற்ற தத்துவப் பேராசிரியர் ஹெகல் பாடம் நடத்தும் அதே நேரத்தைத் தன் வகுப்புக்கும் கேட்டு வாங்கினார். வீம்புதான். ஹெகலின் அறை நிரம்பி வழிந்தது. இவர் வகுப்புக்கு வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். 1818 கடைசியில் வெளியான இவருடைய பெரிய நூலும் விலைபோகவில்லை. பிரதிகளில் பெரும்பகுதி பழைய காகிதமாக எடைக்குப் போனது.

அப்படி என்ன சொல்லியிருந்தார்? நாம் காணும் உலகம் நம் மனத்தில் விழும் தோற்றம். அதன் அடியில் இருப்பது குறிக்கோளில்லாத குருட்டு வேட்கை. நினைத்தது கிடைக்காவிட்டால் துன்பம், கிடைத்துவிட்டால் சலிப்பு. கலை சற்று நேரம் ஆறுதல் தரும். வேட்கையைத் துறந்தவனுக்கே விடுதலை.

கேட்ட கதையாக இருக்கிறதே என்று தோன்றினால் தவறில்லை. காண்ட், பிளேட்டோவோடு உபநிடதங்களையும் அவர் ஆசானாகச் சொன்னார். முகலாய இளவரசர் தாரா ஷிகோ 1657இல் பாரசீகத்துக்குக் கொண்டுபோன உபநிடதங்களை, ஆங்கெத்தில் துப்பெரோன் என்ற பிரெஞ்சுக்காரர் லத்தீனில் பெயர்த்திருந்தார். அந்த மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்புதான் ஷோப்பன்ஹவருக்குக் கிடைத்தது. வளர்த்த நாய்க்கு வைத்த பெயர் ஆத்மா!

65 வயதில் புகழ் வந்தது, அதுவும் சுற்றுவழியில். 1853இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை இவரைப் பாராட்டி எழுத, அது ஜெர்மனில் பெயர்க்கப்பட, சொந்த நாடு திரும்பிப் பார்த்தது. மறு ஆண்டே ஜூரிக்கில் அடைக்கலம் புகுந்திருந்த இசையமைப்பாளர் வாக்னரின் கைக்கு நூல் போய்ச் சேர்ந்தது.

மற்ற கலைகள் உலகின் தோற்றத்தைக் காட்டும், இசை மட்டும் வேட்கையின் குரலாகவே ஒலிக்கும் என்றது அந்த நூல். ஓர் இசைக்காரருக்கு வேறென்ன வேண்டும்? 'டிரிஸ்டானும் இசொல்டேயும்' இசை நாடகத்தின் தொடக்கத்திலேயே ஒரு சுரக்கூட்டு ஏக்கத்தோடு தொங்கி நிற்கிறது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் கேட்பவரைத் தவிக்கவிட்டு, இசொல்டேயின் மரணத்தில்தான் அது அமைதியடைகிறது. தத்துவத்தைக் காதால் கேட்கவைத்த வித்தை. ஆனால் ஷோப்பன்ஹவருக்குப் பிடித்தவை மொசார்ட்டும் ரொசீனியும் புல்லாங்குழலும்தான். வாக்னர் பக்தியோடு அனுப்பிய நாடகப் பிரதிக்கு அவர் பதில்கூடப் போடவில்லை.

1860இல் ஷோப்பன்ஹவர் மறைந்தார். 1865 ஜூனில் மியூனிக்கில் 'டிரிஸ்டான்' அரங்கேறியது. அதே ஆண்டு லைப்சிக் பழைய புத்தகக் கடையொன்றில் நீட்சே என்ற மாணவர் ஷோப்பன்ஹவரின் நூலைத் தற்செயலாகப் புரட்டினார். மூன்றாண்டு கழித்து வாக்னரும் நீட்சேயும் முதன்முதலாகச் சந்தித்தபோது அவர்கள் பேச்சிலும் இவர்தான் இருந்தார். பின்னாளில் நீட்சே இருவரையும் உதறியது தனிக்கதை.

டால்ஸ்டாய் 1869இல் ஷோப்பன்ஹவரைப் படித்து மயங்கினார். மனத்தின் ஆழத்தை ஆராய்ந்த ஃப்ராய்டு, 1920இல் தன் வழி இவரிடம் வந்து நிற்பதை ஒப்புக்கொண்டார். ஐன்ஸ்டீனின் பெர்லின் அறையில் ஃபாரடே, மேக்ஸ்வெல் படங்களோடு இவர் படமும் தொங்கியது.

நீட்சேயின் பள்ளித் தோழர் பால் டாய்சனோ ஷோப்பன்ஹவர் வழியாக வேதாந்தத்துக்கே வந்துவிட்டார். சமஸ்கிருதம் கற்று, 1897இல் 60 உபநிடதங்களை மூலத்திலிருந்தே ஜெர்மனில் தந்தார். ஷோப்பன்ஹவர் சங்கத்தை 1911இல் தொடங்கியவரும் இவரே. 1896இல் கீல் நகரில் இவர் வீட்டுக்கு இந்தியாவிலிருந்து ஒரு விருந்தாளி வந்திருந்தார்: சுவாமி விவேகானந்தர்.