சொல்லப்படாத வரலாறு: டோல்கீனின் என்ட் மகளிர்

நம் வட்டத்தின் திங்கள் கூட்டம் ஒன்றில், ஆங்கிலக் கற்பனைப் புதினங்களைப் பற்றி நான் உரையாற்றி முடித்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “அம்மா, அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்?” என்று கேட்டாள். “போரில் எரிந்து போனார்கள், ஆசிரியரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்” என்று விடையிறுத்து அமர்ந்துவிட்டேன். “யார் பார்த்தார்களாம்?” என்றாள் அவள் மீண்டும். அவை சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நெடுநாள் என் நெஞ்சை உறுத்தியது. பத்தாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமெனச் செயலாளர் கேட்டபோது, அவளுக்கு நான் தரவேண்டிய விடையையே எழுதித் தருவதெனத் துணிந்தேன்.

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) எழுதிய ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. கதை நிகழ்வது சில திங்கள். அதன் பின்னே விரிந்து கிடப்பதோ பல்லாயிரம் ஆண்டு வரலாறு. அவ்வரலாற்றில் விளக்கம் பெறாத நிகழ்ச்சிகள் பல உள. அவற்றுள் கற்போர் மனத்தை மிகுதியும் அலைக்கழிப்பது என்ட் மகளிரின் மறைவு.

என்டுகள் என்போர் நடக்கவும் பேசவும் வல்ல மர உருவினர், காடுகளின் காவலர். அவர்களுள் மூத்தவரான ட்ரீபியர்ட், மெரி, பிப்பின் என்னும் ஹாபிட் இளைஞர் இருவரிடம் தம் இனத்தின் கதையைச் சொல்கிறார். ஆடவர் பெருமரங்களையும் காட்டையும் விரும்பி அலைந்து திரிந்தனர். பெண்டிரோ பழமரம், பூண்டு, புல், தானியம் ஆகியவற்றை விரும்பினர். நட்டது நட்ட இடத்தில் நின்று விளைய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆண்டுவின் என்னும் பேராற்றைக் கடந்து சென்று தோட்டங்கள் அமைத்தனர். மனிதர் அவர்களிடம் உழவைக் கற்று அவர்களைப் பெரிதும் போற்றினர். பின்னர் ஒரு பெரும்போரின் காலத்தில், தம் காதலி ஃபிம்பிரெத்திலைக் காணும் வேட்கையால் ட்ரீபியர்ட் ஆற்றைக் கடந்தார். தோட்டங்கள் எரிந்து, வேரோடு பெயர்க்கப்பட்டுக் கிடந்தன. வழியில் கண்டோரைக் கேட்டார். மேற்கே போனார்கள் என்றனர் சிலர். கிழக்கே என்றனர் சிலர். தெற்கே என்றவரும் உண்டு. நெடுங்காலம் தேடியும் பயனில்லை.

இங்கு ஒன்று கருதத்தக்கது. இக்கதைக்கு நமக்குள்ள சான்று முழுவதும் ஒரு தரப்பினரின் வாக்குமூலம். அதுவும் காலம் தாழ்ந்து வந்தவரின் வாக்குமூலம். ‘இழந்தோம்’ என்கிறார் ட்ரீபியர்ட். இடையிடையே மட்டும் போய்ப் பார்த்து வந்த ஆடவர், தாம் போகாத நெடும் இடைவெளியில் நேர்ந்ததை இழப்பு என்கின்றனர். அதனைப் பொய்யென நான் கூறவில்லை. அம்முதியவரின் துயரம் மெய்யானது. ஆயினும் எரிந்த நிலத்தை அவர் கண்டாரேயன்றி எரிந்ததைக் காணவில்லை. என் மாணவி கேட்டது இதைத்தான்.

அந்நிலத்தை நாம் அதற்கு முன்பே ஒருமுறை கடந்து வந்துவிடுகிறோம் என்பது மறுவாசிப்பில்தான் புலப்படும். முதற்பகுதியின் இறுதியில் தோழர்கள் படகில் ஆற்றின் வழியே செல்லும்போது, கீழ்க்கரையில் புல்லும் மரமுமின்றிப் பழுப்பேறிய சரிவுகள் நீண்டு கிடக்கின்றன. கொள்ளை நோயா, போரா, பகைவனின் கொடுஞ்செயலா, எது அவ்வாறு அழித்தது என்பது, நாடெல்லாம் திரிந்த அரகோர்னுக்கும் தெரியவில்லை. பழுப்பு நிலங்கள் எனப்படும் அதுவே என்ட் மகளிரின் தோட்டம் என்பதை அடுத்த பகுதியில்தான் ட்ரீபியர்ட் வாயிலாக அறிகிறோம். அரச மரபில் வந்து பழைய வரலாறெல்லாம் கற்ற ஒருவனுக்கு அது தெரியாமற்போனது ஏன்?

விடை நூலின் பிற்சேர்க்கையிலேயே இருப்பதாக எண்ணுகிறேன். அங்கே ஆண்டு வரிசையில் நிகழ்ச்சிப் பட்டியல் ஒன்று உண்டு. இரண்டாம் யுகம் 3429ஆம் ஆண்டில் சௌரான் காண்டோர் நாட்டின் மீது படையெடுத்து, மினாஸ் இதில் நகரைக் கைப்பற்றி, அங்கிருந்த வெண்மரத்தை எரித்தான் எனக் குறிப்பு உள்ளது. 3441இல் அவன் வீழும் வரை இடைப்பட்ட போர்களும் மன்னர் சாவுகளும் பதிவாகியுள்ளன. அரசர்க்குரிய மரம் ஒன்று எரிந்தது ஏட்டில் ஏறிற்று. அதே போரில் ஒரு நாட்டளவு தோட்டம் எரிந்தது ஏறவில்லை. டோல்கீன் இதனை எண்ணிச் செய்தாரா என்பது வேறு வினா. அவர் படைத்த அரசவை வரலாற்றாசிரியர்கள் எப்படி எழுதுவார்களோ அப்படியே பட்டியல் அமைந்திருக்கிறது.

இனி அந்தக் கடிதம். 1954 ஏப்ரலில், நூல் வெளிவருமுன்பே அதன் அச்சுப்படிகளைப் படித்திருந்த எழுத்தாளர் நவோமி மிட்சிசனுக்கு டோல்கீன் எழுதியது அது. 1981இல் வெளியான கடிதத் தொகுதியில் உள்ளது. நேசப் படைகளின் வருகையைத் தடுக்கச் சௌரான் அந்நிலத்தை எரித்தபோது என்ட் மகளிர் தோட்டங்களோடு அழிந்திருக்க வேண்டும் என்றே தாம் கருதுவதாக அதில் சொல்கிறார். அவையில் நான் இதை மட்டுமே நினைவில் வைத்திருந்தேன். அதே கடிதத்தில், சிலர் கிழக்கே தப்பியிருக்கலாம், அடிமைகளாகவும் ஆகியிருக்கலாம் என்றும், கொடுங்கோலர்க்கும் படையை ஊட்ட வேளாண்மை வேண்டுமல்லவா என்றும் எழுதி, தமக்குத் தெரியாது என்றே முடிக்கிறார். மறைவுக்கு முந்திய ஆண்டான 1972இல் வேறொருவருக்கு எழுதியபோதும் தெரியாது என்பதே அவர் விடை. 1955இல் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனுக்கு எழுதுகையில், என்டுகளைத் தாம் அறிந்து புனையவில்லை என்றும், அவ்வியலை எழுதியது பிறர் நூலைப் படிப்பது போலிருந்தது என்றும் கூறியவர் அவர். நூலாசிரியரே எழுதினும் உரை உரைதான், மூலம் ஆகாது. இதைப் பல்லாண்டு வகுப்பறையில் சொல்லி வரும் நானே அன்று மறந்தேன்.

மூலத்தை நோக்கின், அடிமைப்பட்டிருக்கலாம் என்னும் ஊகத்துக்கு வலுவான இடம் ஒன்று கிடைக்கிறது. ஃப்ரோடோவும் சாமும் மொர்டோரின் சாம்பல் வெளியில் நடக்கையில், இத்துணைப் பெரும்படை எதை உண்கிறது என்னும் ஐயத்துக்கு விடைபோல, தெற்கே நூர்னென் ஏரிக்கரையில் அடிமைகள் உழும் பரந்த வயல்கள் உண்டு என்றும், அவ்விருவரும் அதனை அறியார் என்றும் கதைசொல்லி இடைமறித்துக் கூறுகிறார். போர் முடிந்தபின் அரகோர்ன் அவ்வடிமைகளை விடுவித்து, அந்நிலத்தை அவர்களுக்கே அளிக்கிறான். அவ்வடிமைகள் எவ்வினத்தார் என நூல் விரித்துரைக்கவில்லை. மனிதருக்கே உழவு கற்பித்தவர்களைப் பகைவன் எரித்து வீணாக்கியிருப்பானா, பிடித்துச் சென்று ஏரில் பூட்டியிருப்பானா? பின்னதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மெய்ப்பிக்க இயலாது, ஆனால் நூலுக்கு முரண் இல்லை.

வாசகர் பலர் விரும்பும் இன்னோர் ஊகம், அவர்கள் ஹாபிட்டுகளின் ஷையர் நாட்டுப் பக்கம் போயினர் என்பது. தொடக்கத்தில் ஒரு மதுக்கடைப் பேச்சில் சாம், தன் உறவினன் ஹால் வடக்கு வெளியில் எல்ம் மரம் போன்ற ஒன்று நடந்து சென்றதைக் கண்டான் என்கிறான். அவ்விடத்தை முதலில் எழுதியபோது டோல்கீனின் மனத்தில் என்டுகள் இன்று நாம் காணும் வடிவில் உருவாகவே இல்லை. ட்ரீபியர்ட் தொடக்க வரைவுகளில் கொடிய அரக்கனாகவே இருந்தார். அது நிற்க, ட்ரீபியர்ட் இறுதியாகக் கண்ட பெண்டிர் உழைப்பால் முதுகு வளைந்து, வெயிலில் கதிர்நிறக் கூந்தல் கொண்டவர்கள். பெருநடை போடும் எல்ம் மரம் அவர்களை நினைவூட்டவில்லை.

ஏட்டிலிருந்து விடுபட்ட பெண் இன்னொருத்தியும் உண்டு. பெரூத்தியேல் அரசியின் பூனைகளை விடவும் இருளில் வழி அறிந்தவர் காண்டால்ஃப் என்று அரகோர்ன் போகிற போக்கில் சொல்கிறான். பழமொழி போல வந்து மறைகிறது அது. அப்பூனைகளைப் பற்றித் தமக்கே இன்னும் ஒன்றும் தெரியவில்லை என 1955இல் டோல்கீன் எழுதினார். பின்னர் எழுதிய, ஓரிடத்தில் எழுத்து விளங்காத குறிப்பொன்றை அவர் மகன் கிறிஸ்டோபர் 1980இல் வெளியிட்டார். பிள்ளையில்லா அரசன் டரானனின் மனைவி. ஒற்றறியும் பத்துப் பூனைகளோடு தனியே கப்பலேற்றிக் கடலில் விடப்பட்டாள். அரசர் ஏட்டிலிருந்து அவள் பெயர் அழிக்கப்பட்டது. ஏடு அழித்ததை ஊரார் வாய்ப்பேச்சு வைத்துக்கொண்டது.

என்ட் மகளிருக்கும் அப்படி ஒன்று உண்டு. எல்வ்கள் இயற்றியதாக ட்ரீபியர்ட் பாடும் பாட்டில் ஆடவனும் பெண்ணும் மாறிமாறிப் பேசுகின்றனர். நூல் முழுவதிலும் என்ட் மகள் ஒருத்தியின் குரல் கேட்பது அங்கு மட்டுமே. அதுவும் வேற்றினத்துக் கவிஞன் அவளுக்காகக் கட்டிய குரல். கவிஞர் நிறைந்த நம் அவைக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

விடைபெறும்போது, உங்கள் நாட்டில் என்ட் மகளிரைப் பற்றி ஏதேனும் கேள்வியுற்றால் சொல்லியனுப்புங்கள் என ட்ரீபியர்ட் மெரியையும் பிப்பினையும் வேண்டுகிறார். கேட்டவர்கள் அவ்விருவர், நடக்கும் மரத்தைப் பற்றிய செய்தியை வைத்திருந்தவன் சாம். அங்கிருந்து ஷையர் வரை நெடுவழி அவர்கள் ஒன்றாகவே குதிரையில் வந்தனர். அவ்வழியில் ஒருவர்க்கொருவர் இதைப்பற்றி ஏதும் கேட்டுக்கொண்டதாக நூலில் இல்லை.