நிறுவியவர் மறைந்த பின்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ராஜ்யத்தில் 1935 முதல் போலீஸ் கமிஷனராக அதிகாரம் செலுத்திவந்த வில்லியம் மக்கே, 1948 ஜனவரி 22-ஆம் தேதி, பதவியில் இருக்கும்போதே காலமானார். அவர் சாந்த சொரூபி அல்லர். 1932-இல் ஸிட்னித் துறைமுகப் பாலத்தை முதன்மந்திரி ஜாக் லாங் திறந்துவைக்க இருந்த வேளையில், குதிரைமீது வந்து வாளால் நாடாவை வெட்டிவிட்ட டி குரூட் என்பவரைச் சேணத்திலிருந்து இழுத்து இறக்கிய கரம் அவருடையது. அதே கரம் ஐந்தாண்டு கழித்து, 1937 ஏப்ரல் முதல் தேதியன்று, ரோட்டரி சங்கத்தாரின் ஒத்தாசையோடு, கப்பல்துறைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த வுல்லுமுலூவில், தெருவே கதியென்று திரிந்த பையன்களுக்காகப் போலீஸ்-பிரஜைகள் சிறுவர் கழகம் என்ற ஒன்றின் கதவைத் திறந்ததென்றால், மனித சுபாவத்தின் விசித்திரத்தை எண்ணி நாம் வியக்க வேண்டியதுதான்.

கமிஷனர் ஒருவரின் விருப்பத்தையே அஸ்திவாரமாகக் கொண்டு எழும் காரியங்கள், அடுத்த கமிஷனர் வேறொன்றை விரும்பும் நாளில் சந்தடியின்றி மறைந்துபோவதை, எந்த நாட்டு உத்தியோக வாழ்க்கையை அறிந்தவரும் கண்டிருப்பர். இங்கே அவ்வாறு நேராமைக்குக் காரணம் கழகத்தின் பெயரிலேயே இருக்கிறது: போலீஸ் என்ற சொல்லை அடுத்துப் பிரஜைகள் என்ற சொல்லும் அதில் நின்றது. இலாகா ஆள் கொடுத்தது. ஊரார் கமிட்டியில் அமர்ந்து பொருள் திரட்டினர். கமிஷனர் இல்லாத நாளிலும் கமிட்டி கூடுமல்லவா? ஸ்தாபகர் மறைந்த அதே ஆண்டில் குயின்ஸ்லாந்து ராஜ்யமும் இத்தகைய கழகத்தைத் தொடங்கிற்று.

ஆயினும் கட்டடமும் கமிட்டியும் நிலைத்துவிட்டமையால் கவலை தீர்ந்தது என்று கொள்ளலாகாது. போலீஸ் இலாகாவை நம்பிப் பையன் வருவதில்லை. அவன் தகப்பனைப் பிடித்துச் சென்றதும் அந்த இலாகாவாகவே இருக்கக்கூடும். மாலைதோறும் அவன் கையில் குத்துச்சண்டை உறையை மாட்டிக் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்கும் ஒரு மனிதரை நம்பியே வருகிறான். அந்த நம்பிக்கையை உயிலெழுதி வாரிசுக்கு வைத்துப்போக எந்தத் தலைவராலும் இயலாது. ஆதலின் தலைவர் திடமாக இருக்கும் காலத்திலேயே, இளைய காவலர் ஓரிருவர் அவர் பக்கத்தில் நின்று, எந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை, எவன் பசியோடு வருகிறான், எவனை அதட்டலாம், எவனை அதட்டலாகாது என்பவற்றைப் பழகிக்கொள்ளுதல் வேண்டும். அவர்களை இடமாற்றம் செய்யாமல் சில ஆண்டுகளேனும் விட்டுவைத்தலும் வேண்டும். மறைந்தவரின் படத்துக்கு மாலை சூட்டுவதில் நாம் காட்டும் சிரத்தையில் பாதியை இதில் காட்டினாலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

நிறுவியவர் வகுத்தபடியே அணுவும் பிசகாமல் நடப்பதுதான் விசுவாசம் என்று கருதுவோரும் உண்டு. மக்கே தொடங்கியது ஆண்பிள்ளைகளின் கழகம். பிற்காலத்தில் பெண்பிள்ளைகளும் அதில் சேர, சிறுவர் என்ற சொல் நீங்கி, இளைஞர் என்ற சொல் அதன் பெயரில் ஏறிற்று. அவர் உயிரோடு இருந்திருந்தால் இதற்கு எளிதில் இசைந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே. எனினும் அவரைக் கேளாமல் அக்கழகம் செய்த காரியங்களுள் இதுவே சிறந்தது.