வானொலிவழி மாதிரி விமானம்

தரையில் நிற்பவர் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரால் வானொலி அலைகளை அனுப்பி, ஆள் ஏறாத சிறு விமானத்தைப் பறக்கவிடும் பொழுதுபோக்கே வானொலிவழி மாதிரி விமானப் பறப்பு. ஆர்வலர்கள் சுருக்கமாக ‘ஆர்.சி.’ என்பார்கள். விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் கட்டளையை வாங்கி, செர்வோ எனப்படும் சிறு மோட்டார்களுக்குத் தரும். அவை இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பரப்புகளைத் திருப்பும். இத்துறையின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது: வால்வு, டிரான்சிஸ்டர், சிப், கடைசியில் டிரோன். அந்த வரிசையில் தவறில்லை. ஆனால், பல பத்தாண்டுகளாக அலைவரிசை ஒதுக்குவதோடு நின்றுவிட்ட அரசுகள் 2010-க்குப் பிறகு ஏன் இதன்மீது விதிகளை அடுக்கின என்ற கேள்விக்கு அதில் விடை கிடைக்காது. விடை ஓட்டுபவரின் கண்ணில் இருக்கிறது. மாதிரி விமானம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தீர்மானித்தது வானொலியின் வீச்சைவிட மனிதப் பார்வையின் வீச்சுதான். அந்த எல்லையைக் கேமரா உடைத்தபோது பொழுதுபோக்கின் தன்மையே மாறியது.

தோற்றம்

மாதிரி விமானம் ஆளேறும் விமானத்துக்கு மூத்தது. பிரான்சின் அல்போன்ஸ் பெனோ 1871-இல் பாரிஸின் துய்லரி தோட்டத்தில், முறுக்கிய ரப்பரால் இயங்கும் மாதிரியை ஏறத்தாழ 40 மீட்டர் பறக்கவிட்டார். அமெரிக்காவில் சாமுவேல் லாங்லியின் நீராவி மாதிரி 1896-இல் போட்டோமாக் ஆற்றின்மேல் ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பறந்தது. இவை கைவிட்ட பிறகு தம் போக்கில் போகிறவை. செய்தவர் அந்தக் கணத்திலிருந்து வெறும் பார்வையாளர். நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கில் வானொலியால் ஒரு படகை இயக்கிக் காட்டியும், மாதிரி விமானத்துக்கு அது வந்துசேர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. வால்வுகளையும் பேட்டரிகளையும் தூக்கிக்கொண்டு பறக்கும் வலு சிறு விமானங்களுக்கு இல்லாததே காரணம். மிச்சிகனின் கலாமசூ நகரில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937-இல் இதைச் சாதித்தார்கள். ஒருவர் விமானம் கட்டுவதில் கெட்டிக்காரர். மற்றவர் அமெச்சூர் வானொலிக்காரர். 8 அடி இறக்கை கொண்ட அவர்களது ‘கஃப்’ தேசியப் போட்டிகளில் வென்றது. இன்று ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

மாதிரி விமானம் பெரிய விமானத்தின் விளையாட்டுப் பிரதி மட்டுமே என்ற எண்ணத்தை இதே காலம் மறுக்கிறது. இங்கிலாந்தில் பிறந்த ஹாலிவுட் நடிகர் ரெஜினால்ட் டென்னி 1930-களில் மாதிரி விமானக் கடை வைத்திருந்தார். அந்த ஆர்வத்திலிருந்து வளர்ந்த அவரது ரேடியோபிளேன் நிறுவனம், பீரங்கிப் படையினர் சுட்டுப் பழகுவதற்கான ஆளில்லா இலக்கு விமானங்களை இரண்டாம் உலகப் போரின்போது 15,000 அளவில் செய்தளித்தது. ஆளில்லா விமானத் தொழிலின் ஒரு வேர் பொழுதுபோக்குக் கடையில் ஊன்றியது.

பார்வை என்னும் எல்லை

தொடக்கக் கால வானொலிக் கட்டுப்பாடு மிக எளிது. ‘எஸ்கேப்மென்ட்’ என்ற அமைப்பில், பொத்தானை அமுக்கினால் முறுக்கிய ரப்பரின் விசை வால் சுக்கானை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும். விட்டால் நடுவுக்கு வரும். மறுபடி அமுக்கினால் எதிர்ப் பக்கம். கொஞ்சம் திருப்புவது என்ற பேச்சே கிடையாது. குச்சியை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு மட்டும் சுக்கான் திரும்பும் விகிதக் கட்டுப்பாடு 1960-களில்தான் பரவியது. அதன்பின் மாதிரி விமானம் உண்மை விமானம் செய்யும் எல்லா வித்தைகளையும் செய்தது. ஆனால் ஒரு சிக்கல் எந்தக் கருவியாலும் தீரவில்லை. விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது வலக்குச்சி வலப்பக்கம். நம்மை நோக்கி வரும்போது அதே குச்சி நம் பார்வையில் இடப்பக்கம். சில நூறு மீட்டர் தாண்டினால், வானப் பின்னணியில் விமானம் ஒரு கரும்புள்ளி; அது வருகிறதா போகிறதா, நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்று தெரியாது. வானொலித் தொடர்பு அறுவதற்கு முன்பே கண் தோற்றுவிடும். இறக்கையின் மேலும் கீழும் வெவ்வேறு நிறம் பூசுவது அழகுக்காக மட்டும் அல்ல, இந்தத் தோல்வியைக் கொஞ்சம் தள்ளிப்போடவும்தான்.

ஒரு மறுப்பு எழலாம்: மாதிரி விமானங்களை மன்றத் திடல்களுக்குள் கட்டிப்போட்டது பார்வை அல்ல, அலைவரிசை நெருக்கடிதானே? ஒரே அலைவரிசையில் இருவர் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் ஒருவர் விமானம் விழுவது உறுதி. அதனால் திடல்தோறும் அலைவரிசைப் பலகை இருந்தது. அதிலிருந்து தன் எண்ணுக்குரிய கிளிப்பை எடுத்தவர் மட்டுமே கருவியைப் போடலாம். அந்த ஒழுங்கு உண்மை. ஆனால் 2005 வாக்கில் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் தாமாகவே ஒன்றோடொன்று மோதாமல் அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டு, பலகையைத் தேவையற்றதாக்கின. அதன்பிறகும் திடல்களில் விமானங்கள் பறக்கும் தூரம் கூடவில்லை. நெருக்கடி நீங்கியும் எல்லை நீங்காததால், எல்லைக்குக் காரணம் வேறு என்பது தெளிவு. அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் 1981-இல் வெளியிட்ட சுருக்கமான அறிவுரைச் சுற்றறிக்கையும் கட்டாயம் எதையும் விதிக்கவில்லை. தரையிலிருந்து 400 அடிக்குமேல் வேண்டாம், ஆட்கள் கூடும் இடங்களைத் தவிர்க்கவும் என்று கேட்டுக்கொண்டதோடு சரி. கண்ணே காவலாக இருந்த காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது.

இதற்கு எதிர்ச்சான்றாக மேனார்ட் ஹில்லின் சாதனையைக் காட்டுவார்கள். 2003 ஆகஸ்டில் அவர் கட்டிய, 5 கிலோவுக்கும் குறைந்த பால்சா மர விமானம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி ஏறத்தாழ 39 மணி நேரத்தில் 3,000 கிலோமீட்டர் அட்லாண்டிக்கைக் கடந்து அயர்லாந்தில் இறங்கியது. ஹில் அப்போது பார்வை பெரிதும் குன்றியிருந்தவர். கேமரா இல்லாமலேயே கண்ணெல்லை தாண்டப்பட்டதே என்று கேட்கலாம். ஆனால் கடலின்மேல் அந்த விமானத்தை யாரும் ஓட்டவில்லை; ஜி.பி.எஸ். துணையுள்ள தானியங்கி ஓட்டியது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் மட்டுமே மனிதர்கள் ஓட்டினார்கள், அதுவும் கண்ணால் பார்த்து. பார்வை முடிந்த இடத்தில் ஓட்டுவதும் முடிந்தது என்பதையே இந்தப் பறப்பு காட்டுகிறது.

வான்வழிப் படமும் கண்ணின் இடமாற்றமும்

வானிலிருந்து படமெடுப்பது வானொலிவழி மாதிரி விமானங்களுக்கு முந்தியது. பிரான்சின் ஆர்தர் பாத்யூ 1888-இல் பட்டத்தில் கேமரா கட்டி எடுத்தார். நிலநடுக்கத்தில் அழிந்த சான்பிரான்சிஸ்கோவை 1906-இல் ஜார்ஜ் லாரன்ஸ் பல பட்டங்களைக் கோத்து எடுத்தார். ஜெர்மனியின் யூலியஸ் நாய்ப்ரோனர் புறாக்களின் மார்பில் சிறு கேமராக்களைப் பூட்டினார். பிலிம் காலத்து மாதிரி விமானமும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. ஒரு செர்வோ கேமராவின் பொத்தானை அழுத்தும். சட்டகத்துக்குள் என்ன விழுந்தது என்பது பிலிமைக் கழுவிய பிறகே தெரியும். படமெடுப்பவர் தரையில் நின்று விமானத்தைப் பார்த்து, அது எதைப் பார்த்திருக்கும் என்று ஊகித்தார். அதனால்தான் அந்தக் காலத்துக் கேமரா இந்தப் பொழுதுபோக்கில் எதையும் மாற்றவில்லை. மாற்றியது, படத்தை அந்தக் கணமே தரைக்கு அனுப்பும் சிறிய வீடியோ டிரான்ஸ்மிட்டர். ‘எஃப்.பி.வி.’ எனப்படும் இம்முறையில் ஓட்டுபவர் கண்ணாடித்திரை அணிந்து, விமானத்தின் மூக்கிலிருந்து உலகைப் பார்க்கிறார். வரும்போது இடம் வலம் மாறும் குழப்பம் இல்லை. கரும்புள்ளியாகும் தூரமும் இல்லை.

விளைவு நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. ரஃபேல் பிர்கர் என்பவர் 2011-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக வளாகத்தின்மேல் விளம்பரப் படத்துக்காக இவ்வாறு பறந்ததற்கு, அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் 10,000 டாலர் அபராதம் விதித்தது. 2014 மார்ச்சில் நிர்வாக நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார்: மாதிரி விமானத்துக்கு விமானங்களுக்கான விதி பொருந்தாது என்பது அவர் தீர்ப்பு. அதே ஆண்டு நவம்பரில் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதை மாற்றி, மாதிரி விமானமும் விமானமே என்றது. 2015 ஜனவரியில் 1,100 டாலரில் வழக்கு சமரசமாக முடிந்தது. குட் சகோதரர்கள் பறந்து ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் எழாத ஒரு கேள்வியை எழுப்பியது, கேமரா ஏந்திய ஒரு நுரைச் சிறகு.

மாற்றத்துக்குக் காரணம் கேமரா அல்ல, தானே சமநிலை காக்கும் நான்கு விசிறி டிரோன்தான் என்பது வலுவான மறுப்பு. 2013-இல் டி.ஜே.ஐ. நிறுவனத்தின் ஃபாண்டம் வந்த பிறகு, பால்சாவை அறுக்காமலும் ஓட்டப் பழகாமலும் எவரும் பெட்டியைப் பிரித்த அன்றே பறக்கவிட முடிந்தது. எண்ணிக்கை பெருகியதற்கு இதுவே காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வரிசையைக் கவனித்தால், பிர்கர் ஓட்டியது வாலில்லா இறக்கை விமானம்; ஃபாண்டத்துக்கு முந்தியது. மேலும், பெட்டியிலிருந்து எடுத்த ஃபாண்டத்தைப் பலரும் வாங்கியது வட்டமடித்து வேடிக்கை காட்ட அல்ல, படமெடுக்க. காற்றில் அசையாமல் நிற்கும் திறனுக்குச் சந்தை உண்டானதும் அதனால்தான். கூட்டத்தைப் பெருக்கியது சமநிலைக் கருவி. கூட்டம் எதைத் தேடி வந்தது என்பதைச் சொல்வது கேமரா.

இந்தியாவில்

இந்தியாவில் மாதிரி விமானக் கலை பலருக்கு அறிமுகமானது தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு வழியாக. தமிழ்நாட்டில் பொழுதுபோக்குக்கும் ஆய்வுக்கும் உள்ள உறவுக்கு, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் தக்ஷா ஆளில்லா விமானக் குழு நல்ல சான்று. நெடுநாள் ஆர்.சி. ஆர்வலரான நடிகர் அஜித் குமார் 2018-இல் அக்குழுவின் ஆலோசகரானார். சட்டத்தைப் பொறுத்தவரை, 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பொதுமக்களின் ஆளில்லா விமானங்களுக்கு மொத்தமாகத் தடை போட்டது. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் கெடுபிடியைத் தளர்த்தின. அவ்விதிகள் மாதிரி வகையை வரையறுக்கும் விதம் முக்கியமானது: 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆய்வு, வடிவமைப்பு, சோதனை அல்லது பொழுதுபோக்குக்காக, கண்பார்வை எல்லைக்குள் பறப்பது. எஞ்சினின் வகையோ விசிறிகளின் எண்ணிக்கையோ அங்கே அளவுகோல் அல்ல.

அப்படியானால் கண்ணாடித்திரை அணிந்து ஓட்டுபவர் இந்தப் பொழுதுபோக்குக்கு வெளியே நிற்பவரா? பந்தயங்களில் பறக்கும் இளைஞர்களை அப்படித் தள்ளிவைப்பது நியாயமில்லை. அமெரிக்க விதி இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது: ஓட்டுபவர் திரையைப் பார்க்கலாம், ஆனால் விமானத்தை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் துணையாள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கேமரா நீக்கிய எல்லையை ஓர் ஆளை நிறுத்தி மீட்கும் ஏற்பாடு இது. முன்பு இயல்பாகவே இருந்ததை இப்போது விதியெழுதிக் காக்க வேண்டியிருக்கிறது என்பதே இத்துறையின் இன்றைய நிலை.