பீப் சொன்னால் படம் மாறும்

வகுப்பறைக்குள் ஒலி வந்ததன் வசதியைப் பேசுகிறோம். அது யாருடைய குரலை அப்புறப்படுத்தியது என்று கேட்பதில்லை. 1658இல் நியூரம்பர்கில் வெளியான கொமேனியஸின் படப்புத்தகத்தில் அரிச்சுவடியே மிருகங்களின் சத்தம்தான். காகத்தின் படம், அது கத்தும் ஒலி, அதற்கான எழுத்து. புத்தகம் ஊமை, கத்த வேண்டியது பிள்ளை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கப் பள்ளிகளில் பரவிய ஒலி ஃபிலிம்ஸ்டிரிப்பில் இது தலைகீழானது. விளக்கமெல்லாம் இசைத்தட்டில். தட்டு 'பீப்' என்றதும் வாத்தியார் குமிழைத் திருகி அடுத்த படத்துக்குப் போகணும். அவ்வளவுதான் அவர் வேலை. (ஒரு பீப்பைத் தவறவிட்டால் குரல் ஒன்றைச் சொல்ல, திரை வேறொன்றைக் காட்டும். வகுப்பு வாய் திறந்தது அப்போதாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.) பிறகு, காதுக்குப் பிடிபடாத 50 ஹெர்ட்ஸ் துடிப்பு வந்தது. படம் தானே நகர்ந்தது, கையும் வேண்டாததாயிற்று.

1987இல் வந்த பவர்பாயிண்ட், தொடக்கத்தில் ஓவர்ஹெட் தாள் தயாரிக்கும் கருப்பு வெள்ளை மென்பொருள். பேச ஆள் தேவைப்பட்டது. இன்று குரலையும் பதிந்து, ஸ்லைடு தானே நகர நேரமும் குறித்துவிடலாம். ஆனால் ஒலி தானாக ஓடணுமா, சொடுக்கினால் மட்டுமா என்ற தேர்வும் அதில் இருக்கிறது. இரண்டாவதை எடுக்கும் வாத்தியார், படத்தை ஊமையாக நிறுத்தி, "இது எப்படிடா கத்தும்?" என்று முதலில் பிள்ளைகளைக் கேட்கலாம்.