உடைமை ஓரிடம், ஒலி ஓரிடம்

1924-ஆம் ஆண்டில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகம், சிறியதோர் ஒலிபரப்புக் கருவியைக் கொண்டு இசையும் சொற்பொழிவும் பரப்பிச் சில ஆண்டுகளிலேயே பணமுடையால் ஓய்ந்தபோது, தன் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் அளித்துவிட்டு விடைபெற்றது என்பது நம் நாட்டு ஒலிபரப்பு வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி. அதனை ஏற்ற மாநகராட்சி, 1930 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி, 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறக்கும்வரை ஒலிபரப்பை நடத்தி வந்தது. வானொலிப் பெட்டி வாங்க வகையற்றவரும் கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுவியது. ஏறக்குறைய அதே காலத்தில், 1927-இல், பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியோ, போட்ட முதல் கரைந்ததும் மூன்றாண்டு நிறையுமுன் கடையைக் கட்டிவிட, அந்நிலையங்களை அரசாங்கமே ஏற்று நடத்த வேண்டியதாயிற்று. பணத்தட்டுப்பாடு இரண்டுக்கும் பொது. எனினும் ஊரார் கூடிச் செய்த காரியம் ஊரின் கைக்கே சென்றதும், பங்குதாரரின் கணக்கில் நின்றது அக்கணக்கோடு முடிந்ததும், உடைமை என்பது ஒலிபரப்பின் புறத்தே நிற்கும் விஷயமன்று என்பதை அந்த ஆரம்ப நாட்களிலேயே காட்டிவிட்டன.

ஒரு வானொலி நிலையம் ஓர் ஊருக்கு உரியதாவது எதனால் என்று கேட்டால், அதன் அலைவரிசை அவ்வூருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் என்று சட்டம் கூறும். அதன் கோபுரம் அவ்வூர் எல்லையில் நிற்பதால் என்று பொறியாளர் கூறுவர். ஒலிவாங்கியைத் திறக்கும் அதிகாரம் படைத்த ஒருவர், இரவு எந்நேரமாயினும், அவ்வூரிலேயே இருந்து, அவ்வூராருக்குப் பதில் சொல்லும் கடமையும் உடையவராயிருப்பதே அதன் இலட்சணம் என்பது என் துணிபு. கோபுரமும் அலைவரிசையும் இருந்த இடத்திலேயே இருக்க, அந்த ஆள் மட்டும் இல்லாமற்போவது எங்ஙனம் என்பதை அறிய அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவத்தினும் சிறந்த பாடம் வேறில்லை.

அந்நாட்டில் ஒரே உடைமையாளர் எத்தனை நிலையங்களை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு நெடுங்காலம் கடுமையான வரம்பு இருந்தது. 1953-இல் ஏழு ஏஎம் நிலையங்களும் ஏழு எஃப்எம் நிலையங்களும் என்றிருந்த அவ்வரம்பு படிப்படியாகத் தளர்ந்து, 1990-களின் நடுவில் இருபதும் இருபதுமாக நாற்பதில் வந்து நின்றது. 1996 பிப்ரவரியில் அதிபர் கிளிண்டன் கையொப்பமிட்ட தொலைத்தொடர்புச் சட்டம், நாடு முழுமைக்குமான வரம்பை அறவே நீக்கிவிட்டதோடு, பெருநகரங்களில் ஒருவரே எட்டு நிலையங்கள்வரை வைத்துக்கொள்ளவும் இடமளித்தது. அதற்கு முன் நாற்பது நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க வழியில்லாத கிளியர் சேனல் நிறுவனம், ஆறேழு ஆண்டுகளுக்குள் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு அதிபதியாயிற்று. சிறு நிலையங்கள் பல அக்காலத்தில் நஷ்டத்தில் தத்தளித்தன என்பதும், பலவற்றைச் சேர்த்து நடத்தினால் செலவு குறையும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை என்பதும் உண்மையே. ஆனால் குறைந்த செலவு எது என்று பார்த்தால், அது பெரும்பாலும் ஆட்களின் சம்பளமாகவே இருந்தது. ஏதோ ஒரு தொலைநகரில் அமர்ந்த அறிவிப்பாளர் ஒருவர், நான்கு மணி நேர நிகழ்ச்சிக்கு வேண்டிய பேச்சை அரைமணிக்குள் பதிவு செய்து, தாம் கண்ணாலும் கண்டிராத ஊரின் தெருப் பெயர்களை இடையிடையே சேர்த்துச் சொல்ல, கேட்பவரோ அவர் தம் ஊரிலிருந்தே பேசுவதாக நம்பும் முறை எங்கும் பரவிற்று.

வட டகோட்டா மாநிலத்தில் மைனாட் என்றொரு சிறு நகரம். 2002-இல் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 36,000 பேர். அந்நகரில் அன்றிருந்த வர்த்தக நிலையங்கள் ஆறு. ஆறும் கிளியர் சேனலுடையவை. 2002 ஜனவரி 18-ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி சுமாருக்கு, கடுங்குளிரில், நகரின் மேற்கே ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டது. 112 வண்டிகளுள் 31 சாய்ந்தன. நீரற்ற அமோனியா நிரம்பிய ஐந்து தொட்டி வண்டிகள் அக்கணமே பிளந்து, சுமார் ஐந்தரை லட்சம் லிட்டர் வெளிப்பட்டு, வெண்ணிற நச்சு மேகமாக வீடுகளின் மேல் படிந்தது. அத்தகைய நேரத்தில் சொல்லப்பட வேண்டியது மிகச் சுருக்கமான சேதி: வெளியே ஓடாதீர்கள், கதவு ஜன்னல்களை அடைத்துக்கொள்ளுங்கள், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அமோனியா நீரில் எளிதில் கரைவதாகலின், ஒரு நனைந்த துணியும் உயிர்காக்கும். உறக்கம் கலைந்து மூச்சுத் திணறி எழுந்தவர்கள் வானொலியைத் திருப்பினார்கள். முன்னரே பதிந்து எங்கிருந்தோ வந்துகொண்டிருந்த பாட்டும் பேச்சும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. அவசர அறிவிப்புக்கென்று குறிக்கப்பட்டிருந்த நிலையத்தைப் போலீசார் தொலைபேசியில் பலமுறை அழைத்தும் நெடுநேரம் மறுமொழி கிடைக்கவில்லை. நிலையத்தில் ஆள் இருந்தார் என்றும், தானே இயங்கும் அவசர அறிவிப்புக் கருவியைப் போலீசார்தாம் சரிவரக் கையாளவில்லை என்றும் நிறுவனத்தார் பின்னர் வாதிட்டனர். இந்த வழக்கில் தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை. தப்பிச் செல்ல முயன்ற ஒருவர் இறந்தார்; முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் தீங்குற்றனர். கருவி பழுதோ, கையாண்டவர் தவறோ, எதுவாயினும், ஓர் ஊரின் ஆறு நிலையங்களும் ஆறு வெவ்வேறு கதவுகளாக இருந்திருப்பின், ஒன்று திறவாவிடினும் மற்றொன்றைத் தட்டியிருக்கலாம் அன்றோ?

இவ்வளவு சிக்கனமும் உடைமையாளரையாவது வாழவைத்ததா என்றால் அதுவும் இல்லை. 2008-இல் முதலீட்டு நிறுவனங்கள் இரண்டு பெருங்கடன் பெற்றுக் கிளியர் சேனலை வாங்க, அக்கடன் அதன் தலைமேலேயே ஏறிற்று. 2014-இல் ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாறியும் சுமை குறையாமல், ஏறத்தாழ 2,000 கோடி டாலர் கடனோடு 2018 மார்ச்சில் அது திவால் நீதிமன்றத்தின் படியேறியது. ஊர்தோறும் ஈட்டிய விளம்பர வருமானம் ஊரின் செய்தியாளருக்கும் பாடகருக்கும் சேராமல் வட்டிக்கே சென்றமைதான் மனத்தை உறுத்துகிறது.

இத்தகைய உடைமைக் குவிப்புக்கு மாற்றாக எழுந்ததே குறைசக்தி வானொலி. 2000 ஜனவரியில், வில்லியம் கென்னார்டு தலைமையில் இயங்கிய கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், 100 வாட் ஆற்றலுக்கு மேற்படாத, ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவுக்கே எட்டக்கூடிய, லாப நோக்கற்ற ஊர் நிலையங்களுக்கு உரிமம் வழங்கத் தீர்மானித்தது. வர்த்தக ஒலிபரப்பாளர் சங்கம் மட்டுமன்றி, பொதுநலம் பேணுவதற்கென்றே பிறந்த தேசியப் பொது வானொலியும் அதனை எதிர்த்தது எனக்கு இன்றளவும் வருத்தம் தருகிறது. தங்கள் ஒலியில் குறுக்கீடு நேரும் என்ற அவர்கள் முறையீட்டின் பேரில் அவ்வாண்டு இறுதியிலேயே அந்நாட்டுச் சட்டமன்றமான காங்கிரஸ் இத்திட்டத்தை வெகுவாகச் சுருக்கியது. நகரங்களில் இடமே இல்லாமற்போயிற்று. காங்கிரஸின் கட்டளைப்படி நடந்த ஆய்வு, குறிப்பிடத்தக்க குறுக்கீடு எதுவும் இல்லை என்று 2003-இல் தெரிவித்தது. அந்தத் தடையை நீக்கும் சமூக வானொலிச் சட்டத்தில் அதிபர் ஒபாமா கையொப்பமிட்டது 2011 ஜனவரியில். உண்மை தெரிந்த பிறகும் அதனை ஏற்பதற்கு ஏழாண்டுகள் பிடித்தன!

அதற்குள்ளாகவே இச்சிறு நிலையங்கள் தம் தகுதியை மெய்ப்பித்துவிட்டன. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் மிசிசிப்பிக் கரையைச் சின்னாபின்னமாக்கியபோது, பே செயின்ட் லூயிஸ் ஊரின் குறைசக்தி நிலையமொன்று அப்பகுதியில் ஒலிபரப்பைத் தொடர்ந்த மிகச்சில நிலையங்களுள் ஒன்றாய் நின்று, குடிநீர் எங்கே, உணவு எங்கே என்று மாவட்டத்து மக்களுக்கு அறிவித்து வந்தது. புளோரிடாவின் இம்மோகலியில் தக்காளி பறிக்கும் தொழிலாளரின் கூட்டமைப்பு 2003-இல் தொடங்கிய ரேடியோ கான்சியன்சியா, ஸ்பானிய மொழியோடு ஹெய்ட்டித் தீவினரின் கிரியோலிலும் மாயா இனத்தாரின் மொழிகளிலும் கூலி உரிமையைப் பற்றிப் பேசிற்று. அம்மொழிகளுக்கு எந்த விளம்பரதாரரும் விலை கொடுக்க முன்வரமாட்டார்.

நம் நாட்டில், வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் அறிவித்த தீர்ப்பே சமூக வானொலிக்கு வித்து. ஆயினும் அப்பொதுச் சொத்து முதலில் சென்றது ஏலத்துக்குத்தான். தனியார் பண்பலை நிலையங்கள் அவ்வாறு பிறந்தன. கல்வி நிறுவனங்களுக்கு 2002-இல் அனுமதி கிட்டியபின், 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் தோன்றிற்று. தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது 2006-இல். 2008-இல் தெலங்கானா நாட்டுப்புறத்து மச்னூரில் தலித் பெண்கள் நடத்தத் தொடங்கிய சங்கம் ரேடியோவும், 2016-இல் பாம்பனில் மீனவர்க்கென்று எழுந்த கடல் ஓசையும் அந்தக் கதவின் வழியே வந்தவை. காற்று எத்திசையில் வீசும், அலை எவ்வளவு உயரும், இன்று கடலுக்குப் போகலாமா என்பதைப் பாம்பன்காரர் ஒருவர் பாம்பன் பேச்சிலேயே கேட்கிறார்.

இந்நிலையங்களை வாங்கவோ விற்கவோ நம் விதிகள் இடங்கொடாதிருப்பதைப் பெரும் பாதுகாப்பென்றே கருதுகிறேன். ஆனால் அதே விதிகள் அவற்றின் வாயையும் கட்டியிருக்கின்றன. வானிலையும் அரசின் பேரிடர் அறிவிப்பும் சொல்லலாம். சொந்தமாகச் செய்தி திரட்டி வாசித்தலாகாது. விளம்பரத்துக்கு 2006-இல் மணிக்கு ஐந்து நிமிடமே என்றிருந்தது பின்னர் உயர்த்தப்பட்டதெனினும், 100 வாட் எல்லைக்குள் விளம்பரம் தரவல்ல வியாபாரிகள் எத்தனை பேர்? ஆகவே நன்கொடை நின்றால் நிலையம் நிற்கும் அபாயம் நீங்கவில்லை. கடல் கொந்தளிப்பதை அறிவிக்கலாம். அதே கரையில் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று விசாரித்து அறிவிக்க வழியில்லை. ஏலத்திலிருந்து காத்த சட்டம், பேசும் உரிமையையும் அவ்வூராரிடமே விட்டுவிடுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாயிலாக ஆள்வோர்முன் நான் வைக்கும் விண்ணப்பம்.