புலம் பெயரும் முன்னே

'புலம்பெயர்தல்' என்றதும், 1983-க்குப் பின் கடல் கடந்த ஈழத்தமிழர் நினைவே இன்று முந்துகிறது. சொல்லோ மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தில் கூடி இனிது வாழ்ந்த பிறநாட்டாரைப் பட்டினப்பாலை இச்சொல்லால் குறிக்கிறது. அங்கே துயரத்தின் சாயல் இல்லை. இலக்கணப்படி இது புலத்திலிருந்து பெயர்தல். மனிதர் நகர்வார், நிலம் நிற்கும். ஆனால் 'புலம்' நிலத்தை மட்டும் சுட்டுவதன்று. புலப்படுதல், புலமை என்னும் சொற்களில் அது அறிவும் உணர்வும் ஆகிறது. ஒருவருக்கு ஊர் என்பதும் இவ்விரண்டும் சேர்ந்ததே: காலடி மண்ணும், அந்த மண்ணைப் பற்றிய பழக்க அறிவும். இரண்டாவது பெயர்ந்துவிட்டால், வீட்டைவிட்டு நகராமலே ஒருவர் அயலார் ஆகிவிடுகிறார்.

வடசென்னைக் கரை இதற்குச் சான்று. இக்கடலில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த துறைமுகச் சுவர்கள் அதைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. இங்கே நிலமே பெயர்ந்தது. எண்ணூரில் பெயர்ந்தது அறிவு. கொசஸ்தலையாற்றின் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எந்தச் சேற்றில் இறால் கிடைக்கும் என்பது மீனவரின் தலைமுறைச் சொத்து. அனல்மின் நிலையச் சாம்பல் அதில் படிந்தபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவியபோதும், அந்த அறிவுக்குரிய ஆறு மாறிவிட்டது. அதே எண்ணூரில், பர்மாவிலிருந்து வந்த தமிழர் குடியேறிய பர்மா நகர் இருக்கிறது. அவர்களில் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். 1964-இல் அந்நாட்டில் கடைகள் அரசுடைமையானபோது அவர்கள் கப்பலேறும் முன்பே வேற்றாராகிவிட்டனர். இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'.

புலமே பெயர்வதாகக் கொள்வது இலக்கணத்தை வளைப்பதாகாதா என்று கேட்கலாம். சொல்லின் பிறப்பை நான் மாற்றவில்லை. அதன் உறுப்புகளில் ஏற்கெனவே உள்ள பொருளை எடுத்துக்காட்டுகிறேன். மாற்றம் எந்த ஊருக்கும் இயல்புதானே என்பது இன்னொரு மறுப்பு. இயல்புதான். ஆனால் பட்டினப்பாலை காட்டும் வணிகர் தாமாக வந்தவர்கள். எண்ணூர் மீனவர் தம் ஆற்றை மாற்றச் சொல்லவில்லை. தொல்காப்பிய உரியியல் 'புலம்பு' என்னும் சொல்லுக்குத் தனிமை என்று பொருள் சொல்கிறது. தன் ஆற்றங்கரையில் நின்றுகொண்டே ஒருவர் அடையும் தனிமைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. வீடு காலியான நாளிலிருந்து இழப்பைக் கணக்கிட்டால் அந்தத் தனிமை கணக்கில் வராது. வலைக்குப் பழகிய ஆழம் தூர்ந்த நாளிலிருந்தே அதை எண்ண வேண்டும்.