கடன் இல்லாத கொத்தடிமை: திருப்பூர் வட்டார நூற்பாலைகளும் சுமங்கலித் திட்டத்தின் தோற்றமும்

கொங்கு நாட்டு நூற்பாலைகளில் 1990களில் வேர்விட்டு 2000களில் பரவிய சுமங்கலித் திட்டத்தை, அதாவது இளம்பெண்களை ஆலை விடுதியில் தங்க வைத்து மூன்றாண்டு வேலை வாங்கி முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாட்டை, பழைய பண்ணையடிமை முறையின் எச்சம் என்று விளக்குவது வழக்கமாகிவிட்டது. கொங்கு வேளாண்மை மாதாரி என்னும் தலித் சாதியினரைப் பண்ணையாட்களாகக் கட்டிப்போட்டிருந்தது உண்மை. ஆனால் ஆலை விடுதியில் அடைக்கப்பட்ட பெண்ணின் நிலை அந்தப் பண்ணையிலிருந்து நேராக வந்ததில்லை. எழுதப்பட்ட தொழிலாளர் சட்டமும், வலுவான தொழிற்சங்கமும், ஏற்றுமதிச் சந்தையும் இருந்த ஊரில், அவை இருந்த காரணத்தாலேயே புதிதாக உருவாக்கப்பட்ட முறை அது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கேள்விக்கு அமெரிக்கக் குடியேற்றங்களின் வரலாறு ஒரு நல்ல உரைகல். ஆப்பிரிக்கர்கள் ஏன் அடிமைகளாக்கப்பட்டார்கள்? அடிமை முறையைப் பிறப்பித்தது தோட்ட முதலாளிகளின் ஆள்தேவை, நிறவெறி அதன் விளைவு என்றார் எரிக் வில்லியம்ஸ் (1944). கறுப்பினத்தார் மீதான இழிவெண்ணம் ஆங்கிலேயரிடம் முன்பே ஊறியிருந்தது என்று வின்த்ராப் ஜோர்டன் (1968) காட்டினார். வர்ஜீனியாவின் ஆவணங்களைப் பார்த்தால் இரண்டுமே அரை உண்மைகள் என்று தோன்றுகிறது. 1619இல் அங்கே இறக்கப்பட்ட இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களுக்கு அடிமை என்ற சட்டநிலை எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் வந்த ஆன்டனி ஜான்சன் விடுதலை பெற்று நிலம் வாங்கிப் பயிர் செய்தார். 1640இல் ஓடிப்போய்ப் பிடிபட்ட மூன்று வேலையாட்களில் ஐரோப்பியர் இருவருக்கு ஒப்பந்தக் காலம் நான்கு ஆண்டுகள் நீட்டப்பட்டது. ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கருக்கு மட்டும் ஆயுள் முழுதும் ஊழியம். 1662இல் தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்று சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்த வெள்ளைக் கூலிகள் 1676இல் பேக்கனின் கலகத்தில் ஆயுதம் ஏந்தியபின் தோட்டக்காரர்கள் ஆப்பிரிக்கர்களை நோக்கித் திரும்பியது விரைவுபட்டது என்கிறார் எட்மண்ட் மோர்கன் (1975). உரிமை கேட்கத் தொடங்கிய கூலியின் இடத்தில் உரிமை கேட்க வழியற்ற கூலி வைக்கப்பட்டது. யார் அந்த வழியற்றவர் என்பதைத்தான் முன்பே இருந்த இழிவெண்ணம் முடிவு செய்தது.

அதே வரிசை கொங்கு நாட்டில் தெரிகிறது. கோயம்புத்தூரில் 1888இல் முதல் நூற்பாலை எழுந்ததிலிருந்து, ஆலைத் தொழிலாளி போராடிப் போராடி நிரந்தர வேலை, பஞ்சப்படி, போனஸ் ஆகியவற்றை வென்றார். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981இல் தமிழ்நாடு அரசு சட்டமே இயற்றியது. 1984இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருக நூலுக்கான தேவை ஏறியது. புதிய ஆலைகள் பழைய ஆலைப் பகுதிகளை விட்டு விலகி, பல்லடம், உடுமலை, தாராபுரம், வேடசந்தூர்ப் பக்கம் புன்செய்க் காடுகளில் எழுந்தன. அங்கே சங்கக் கொடி இல்லை. ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பும் இல்லை. உள்ளே விடுதி இருந்தது.

அந்த விடுதிக்கு ஆள் எங்கிருந்து வந்தது? தேனி, மதுரை, இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், திருநெல்வேலி என மழை பொய்த்த மாவட்டங்களிலிருந்து. பிட் நோட்டீசும் தரகரும் ஊர் ஊராகப் போனார்கள். மூன்றாண்டு வேலை, சாப்பாடு, தங்குமிடம். முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கையில், கல்யாணச் செலவுக்கு. வரதட்சணைக்கு வழி தெரியாத தகப்பனுக்கு அது கடவுள் அனுப்பிய செய்தி. வந்த பெண்கள் பெரும்பாலும் பதினான்கு முதல் இருபது வயதினர். அவர்களில் தலித் வீட்டுப் பிள்ளைகள் மிகுதி. ஆலைப் பதிவேட்டில் அவர்கள் ‘பயிற்சியாளர்கள்’. அந்த ஒரு சொல் நிரந்தரச் சட்டத்தையும் தொழிலாளிக்குரிய கூலியையும் சேர்த்துத் தட்டிக் கழித்தது.

பயிற்சி என்பதைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ரிங் பிரேமில் ‘சைடு பார்க்கும்’ பெண், நீண்ட இயந்திரத்தின் ஓரமாக ஷிப்டு முழுக்க நடந்துகொண்டே இருக்கிறாள். அறுந்த இழையைக் கண்ணால் பிடித்து, பாபினிலிருந்து நுனியை எடுத்து, உருளையிலிருந்து வரும் பஞ்சோடு ஓடும்போதே ஒட்டுகிறாள். கண்ணும் விரலும் பழகச் சில மாதங்கள் போதும். மீதிக் காலம் முழுக்க அவள் தேர்ந்த தொழிலாளியின் வேலையைச் செய்துகொண்டு பயிற்சியாளரின் கூலியை வாங்கினாள்.

சாதிதான் காரணம் என்று நிறுத்திவிட முடியாததற்குத் திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களே சாட்சி. கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நேவும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு கிராமங்களை ஒப்பிட்டது. ஒன்றில் தலித்துகள் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்ப் பண்ணைக் கட்டிலிருந்து விடுபட்டார்கள். விசைத்தறி பெருகிய மற்றொன்றில் கவுண்டர் தறி முதலாளிகளிடம் முன்பணம் வாங்கிப் புதிதாகக் கட்டுண்டார்கள். இரண்டிலும் அதே சாதி அடுக்குதான். முதலாளிக்கு எந்த மாதிரியான ஆள் தேவைப்பட்டது என்பதில்தான் வேறுபாடு.

ஆனாலும் விசைத்தறித் தொழிலாளி முன்பணத்தை முதலிலேயே கையில் வாங்குகிறார். ஆள் தட்டுப்பாடு வந்தால் கூடுதல் முன்பணம் கேட்கவும், வேறு முதலாளியிடம் வாங்கிப் பழைய பாக்கியை அடைத்துவிட்டு மாறவும் அவரால் முடியும். சுமங்கலிப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. இங்கே கடன் தலைகீழாக நிற்கிறது. முடிவில் தருவதாகச் சொன்ன தொகை மாதாமாதம் அவள் கூலியிலிருந்து பிடித்து வைத்ததே என்பதால், கடன்பட்டிருப்பது ஆலை, கட்டுண்டிருப்பது கடன் கொடுத்தவள். இரண்டரை ஆண்டில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பினால் பிடித்து வைத்த கூலி போயிற்று. ஒவ்வொரு மாதமும் இழக்க வேண்டிய தொகை ஏறுவதால், வெளியேறுவது மாதத்துக்கு மாதம் கடினமாகிறது. இதைவிடக் கெட்டியான சங்கிலியை நான் தொழிலாளர் வரலாற்றில் அதிகம் கண்டதில்லை.

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் முன்பணத்தையும் பரம்பரைக் கடமையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. “நாங்கள் முன்பணமே கொடுக்கவில்லையே” என்று ஆலைகள் சொல்ல அதில் இடமிருக்கிறது. ஆனால் ஆசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு அந்த இடத்தை அடைத்துவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே. வறுமையின் நெருக்குதலும் கட்டாயமே. இந்த அளவுகோலை வைத்தால் சுமங்கலி விடுதிகள் சட்டத்தின் பிடிக்குள் வந்திருக்க வேண்டும். வராமல் போனதற்குச் சட்டத்தின் ஓட்டையைவிடத் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் ஆலை வாசலைத் தாண்டாததே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

வர்ஜீனியாவோடு ஒப்பிடுவதற்கு எல்லை உண்டு. 1662இன் சட்டத்துக்கு இங்கே இணை கிடையாது. இந்தப் பெண்கள் யாருடைய உடைமையும் அல்லர். அவர்களின் பிள்ளைகள் விடுதியில் பிறந்து ஆலைக்குச் சேரவில்லை. அட்லாண்டிக் அடிமை முறையின் கொடுமையை இதனோடு சமப்படுத்துவது அங்கே மாண்டவர்களுக்குச் செய்யும் அநீதி. ஒப்பிடத்தக்கது தோற்றத்தின் தர்க்கம் மட்டுமே.

அந்தத் தர்க்கம் இன்னும் ஓயவில்லை. நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனம் இத்திட்டம் குறித்து 2011இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு ஐரோப்பிய வணிகர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். பல ஆலைகளில் மொத்தத் தொகை போய் மாதச் சம்பளம் வந்தது. விடுதியும், பூட்டிய வாசலும், கட்டுப்படுத்தப்பட்ட தொலைபேசியும் பல இடங்களில் அப்படியே இருந்தன. தமிழ்நாட்டு ஊர்களில் பெண்கள் படிப்பு உயர்ந்து ஆள் கிடைப்பது குறைந்தபோது, தரகர்கள் ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் போனார்கள். ஊர்மொழி தெரியாத, புகார் கொடுக்கும் அலுவலகம் எங்கே என்று தெரியாத பெண்கள் இப்போது அதே ரிங் பிரேம்களில் சைடு பார்க்கிறார்கள்.